ஏத்தி வாங்கி இறக்கி ஓட்டுறது

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. முதல்லயே சொல்லிடறேன், இது அடுத்தவன் வண்டியைப் பார்த்து வயிறு எரியற பதிவு இல்லை. (கொஞ்சமா எரியுது, அது வேற விஷயம் :-))

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க. ஃபார்ச்சூனர், எண்டெவர், ஸ்கார்ப்பியோன்னு பெரிய பெரிய வண்டிங்க. அதுல அங்கங்க ஒண்ணு, ஸ்பிரிங்கை இறக்கி, 20 இன்ச், 22 இன்ச் அலாய் வீல் மாட்டி, தரையைத் தடவிக்கிட்டே போகும். உயரமா இருக்குன்னு லட்சம் லட்சமா கொட்டி வாங்கின வண்டியை, மேல காசு கொடுத்து இறக்கறது என்ன கணக்கு?

என் கருத்து இதுதான்: வீல் மாத்துங்க, தப்பே இல்லை. ஆனா வண்டியை இறக்காதீங்க.

இறக்கறவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வண்டியோட ஈர்ப்பு மையம் கீழே வந்தா வளைவுல சாயறது குறையும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓடற வண்டிங்க தரையோட ஒட்டி இருக்கறது அதுக்குத்தான். ஆனா ரேஸ் டிராக்ல ஸ்பீடு பிரேக்கர் கிடையாது சாமி. இந்திய சாலை காங்கிரஸ் சொல்ற ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம்ம தெருவுல இருக்கறது எந்த விதிப்படின்னு அதைப் போட்டவருக்கே தெரியாது.

அடுத்தது இன்ஜினியரிங். ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டியில பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே ஆக்ஸில். டிஃபரன்ஷியல் அதோடவே உக்காந்திருக்கு. ஸ்பிரிங்கை இறக்கினா அது இறங்காது, பாடியும் சேஸியும்தான் அதை நோக்கி இறங்கும். அதாவது சக்கரம் மேல ஏறி இறங்கறதுக்கு இருந்த இடத்துல 50 மி.மீ. காலி. ஏழு பேரை ஏத்திக்கிட்டு ஒரு பள்ளத்துல இறங்கினா பம்ப் ஸ்டாப்புல போய் 'டொம்'முன்னு இடிக்கும்.

இது ஒழுங்கான ஸ்பிரிங் வாங்கிப் போட்டா. சீப்பான வழி ஒண்ணு இருக்கே, காயில் ஸ்பிரிங்கை ஒரு சுத்து அறுத்துடறது! அறுத்தா ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும், பழைய ஷாக் அப்சார்பரால அதை அடக்க முடியாது. சக்கரம் தொங்கற நேரத்துல ஸ்பிரிங் தன்னோட இடத்தை விட்டே நழுவலாம்.

இதைவிட முக்கியமானது பிரேக். பழைய மாடல்கள் பலதுல பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு வால்வு இருக்கும். பாடி தாழ்ந்திருந்தா 'லோடு ஏத்தியிருக்காங்க'ன்னு எடுத்துக்கிட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை இறக்கிட்டு அந்த வால்வைச் சரி பண்ணாம விட்டா, காலி வண்டியைக்கூட லோடு வண்டின்னு நினைச்சுக்கும். மழையில அவசரமா பிரேக் அடிச்சா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்தும். சுத்தற ரெண்டு டன் வண்டிக்குப் பக்கத்துல போறது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லா இருக்கலாம். 'என் வண்டி, என் காசு'ங்கற பேச்சு அங்க செல்லாது.

சஸ்பென்ஷன் தெரியாத ஊரா இது? பாடியில வீல்ஸ் இந்தியா 1960கள்லேர்ந்து சக்கரம் செய்யறாங்க. ஆவடியில வடிவமைச்ச அர்ஜுன் டாங்க், 58 டன்னுக்கு மேல எடை, ஹைட்ரோநியூமாட்டிக் சஸ்பென்ஷன்ல காடு மேடெல்லாம் ஓடுது. அப்பேர்ப்பட்ட ஊர்ல நாம ஹாக்ஸா பிளேடை எடுத்துக்கிட்டு ஸ்பிரிங் அறுக்கறோம்.

சரி, வீலுக்கு வருவோம். ஃபார்ச்சூனருக்கு கம்பெனியே ரெண்டு அளவு கொடுத்திருக்காங்க. 265/65 R17, மொத்த விட்டம் 776 மி.மீ. 265/60 R18, 775 மி.மீ. ரிம் பெருசு, வெளி அளவு அதேதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஃபெண்டர்ல உரசாது. ஆசை அடங்கலைன்னா 265/50 R20, 773 மி.மீ. ஆனா டயரோட பக்கச் சுவர் 172 மி.மீ.லேர்ந்து 132க்கு வந்துடும். 22 இன்ச்சுக்கு 265/40 போட்டா வெறும் 106. பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்துல ரிம் நசுங்கறதுக்கு வேற காரணமே வேணாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. எத்தனை கிலோ தாங்கும்னு அச்சடிச்சிருக்கும். ஆளும் லோடும் ஏறினா ஃபார்ச்சூனர் 2.7 டன் வரைக்கும் வரும். காருக்குச் செஞ்ச ரிம் டிசைன் எவ்வளவு அழகா இருந்தாலும் இதுக்கு ஆகாது. ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம், அப்புறம் ஆஃப்செட், மூணும் பொருந்தணும். ஸ்பேஸர் வச்சு ஒப்பேத்தறது வேணாம்.

சட்டமும் இருக்கு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். இன்ஷூரன்ஸ்காரங்க கிளெய்ம் நேரத்துல என்ன கேப்பாங்கன்னு தனியா சொல்லணுமா?

கடைசியா ஒண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அம்பத்தூர் எஸ்டேட், கொரட்டூர் பக்கமெல்லாம் தண்ணி நின்னது ஞாபகம் இருக்கா? வண்டியை 50 மி.மீ. இறக்கினா இன்ஜின் காத்து இழுக்கற வாயும் அதே 50 மி.மீ. தண்ணிக்குக் கிட்ட வருது. நம்ம ஏரியாவுல உயரம் அழகுக்கு இல்லைங்க, தேவைக்கு.

மாத்துக் கருத்து இருக்கறவங்க தாராளமா கும்மலாம். ஸ்பிரிங்கை மட்டும் அறுக்காதீங்க :-)