திருத்தப்படாத கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருமுறை அளந்தால் போதுமா? போதாது என்பதை நான் பட்டு அறிந்தேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்தில், பணியிட மாறுதல் பெற்று மதுரையிலிருந்து தில்லிக்குக் குடும்பத்துடன் வந்தேன். வாடகை, அரிசி, பால், மின்கட்டணம், பொங்கலுக்கு ஊர் செல்லும் செலவு என ஒரு குறிப்பேட்டில் வரவுசெலவுத் திட்டத்தை அழகாக எழுதினேன். பின்னர் அதைப் புரட்டவே இல்லை. அத்திட்டம் மதுரையின் வெயிலை அறியும். தில்லியின் குளிரை அறியாது. நவம்பர் இறுதியில் கம்பளி உடைகளும் ரஜாய்களும் வாங்கினோம். ஹீட்டரும் கீசரும் மின்கட்டணத்தை இரு மடங்காக்கின. பயணத்திற்கென ஒதுக்கிய தொகை சிறிது சிறிதாகக் கரைந்தது. அந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊர் செல்லவில்லை. எங்களை எதிர்பார்த்திருந்த என் தாயிடம் தொலைபேசியில் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன்.

குறை வருவாயில் இல்லை. திட்டத்தைத் திருத்தாமையில் இருந்தது. அக்டோபரில் ஒருமுறை கணக்கைப் பார்த்திருந்தால், தீபாவளிக்கு வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியைத் தள்ளிப்போட்டிருப்போம்.

நடுவண் அரசும் பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையை அளிக்கும்போது, நடப்பாண்டிற்கு முன்னர் இட்ட மதிப்பீட்டுடன் 'திருத்திய மதிப்பீடு' ஒன்றையும் காட்டுகிறது. நாட்டிற்கே திருத்தம் தேவையெனில், வீட்டிற்கு வேண்டாமா? திருவள்ளுவர் வரவு செலவைப் பற்றி 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் பேசுகிறார். தன் வருவாயின் அளவை அறிவதும் தன் வலிமையை அறிவதே அன்றோ!

சிறுவர்க்குப் பணக்கவலை எதற்கு என்று சிலர் கேட்பர். கணக்கை அறியாத பிள்ளை, "இப்போது வேண்டாம்" என்னும் சொல்லை அன்பின்மை என்று எண்ணி வருந்தும். அறிந்த பிள்ளையோ காரணத்தை உணரும். ஆகவே, மாதத்தின் முதல் ஞாயிறன்று எங்கள் வீட்டில் அனைவரும் அமர்ந்து, திட்டமிட்டதையும் செலவானதையும் ஒப்பிடுகிறோம். ஒரு செலவு மிகுந்தால் எதைக் குறைக்கலாம் என்பதைப் பிள்ளைகளும் கூறுவர். தொடர்வண்டிப் பயணச்சீட்டை 60 நாள்களுக்கு முன்னரே பதிவுசெய்யலாம் என்பதால், பொங்கல் பயணத்தை நவம்பர்க் கணக்கின் முதல் வரியாக எழுதுகிறோம். அந்த வரியைக் குறைக்குமாறு இன்றுவரை எவரும் கூறியதில்லை.

பயிற்சி: சென்ற மாதம் உங்கள் வீட்டில் திட்டமிட்டதைவிட மிகுந்த செலவு எது? பெற்றோரிடம் கேட்டறிந்து, அதனை ஈடுசெய்யும் வழியை ஐந்து வரிகளில் எழுதுக.