வர்ணத்திற்கு முந்திய வேலை

அம்பத்தூரில் நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இட்லிக் கடை நடத்துகிறார். கடை என்றால் கட்டடம் அன்று. நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேல் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகையின் மேல் அடுப்பும் அண்டாவும் கொண்ட ஒரு தள்ளுவண்டி. கணவரை இழந்தபின் இரண்டு ஆண் மக்களையும் அவர் படிக்க வைத்தது அந்த வண்டியைக் கொண்டேதான். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ‘மிக்ஜாம்’ புயல் மழை கொட்டியபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையே வெள்ளம் சூழ்ந்தது. அவ்வம்மாளின் தெரு எம்மாத்திரம்? சாக்கடையும் மழையும் கலந்த நீரில் மூன்று நாள் அந்த வண்டி அச்சளவு மூழ்கிக் கிடந்தது.

நீர் வடிந்தது; தை பிறந்தது. பொங்கலுக்கு முதல் நாள் பிள்ளைகள் இருவரும் கடையிலிருந்து ஒரு டப்பா நீல வர்ணம் வாங்கி வந்து, ஒரே மாலைப் பொழுதில் வண்டி முழுவதும் அடித்து முடித்தனர். பார்த்தவர் அனைவரும் புது வண்டியோ என்றனர். ஆடி மாதம் வருமுன்னரே நீல வர்ணத்தில் கொப்புளங்கள் கிளம்பின. மார்கழி மாத விடியற்காலை ஒன்றில், மேட்டில் வண்டியைத் தள்ளுகையில், கைப்பிடி சட்டத்தோடு சேரும் இடம் முறிந்தது. கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரம் கவிழ்ந்து வீதியில் ஓடியது. அம்மாளின் பேத்தி, நான்கு வயதுக் குழந்தை, நான்கடி தள்ளி நின்றதால் பிழைத்தது.

“பொங்கலுக்குத்தானே ஐயா புது வர்ணம் அடித்தோம்? அதற்குள் இப்படி ஆகிவிட்டதே!” என்று அவ்வம்மாள் நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இத்திங்கள் நம் நோக்கம். தள்ளுவண்டியானாலும், மூன்று சக்கர வண்டியானாலும், வீட்டு வாயிற்கதவானாலும், சன்னல் கம்பியானாலும் விடை ஒன்றுதான்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று நீர், மற்றொன்று காற்றிலுள்ள பிராணவாயு. இவற்றில் ஒன்றைத் தடுத்தாலும் துரு நிற்கும். வர்ணம் செய்யும் வேலை இந்தத் தடுப்பேயன்றி வேறில்லை. அழகு இரண்டாம் பட்சமே. ஆனால், ஏற்கெனவே துரு இருக்கும் இடத்தில் வர்ணம் பூசினால், அவ்வர்ணம் இரும்பைப் பற்றுவதில்லை. துருப் பொடியையே பற்றிக் கொள்கிறது. துருவோ ஈரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும். மேலும், துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அது உள்ளிருந்து வர்ணத்தை மேலே தூக்குகிறது. நாம் கண்ட கொப்புளம் இதுதான். அந்த நீல வர்ணம் துருவை நிறுத்தவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. மறைத்ததே முறிவுக்கு வழியாயிற்று.

கடலோரத்தில் வாழ்வோர் இதை நன்கறிவர். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் உப்புக் காற்றின் நடுவே நூற்றாண்டுக்கு மேல் நின்றது. இடையறாது சுரண்டி, இடையறாது வர்ணம் பூசியே அதைக் காத்து வந்தனர். 2022 டிசம்பரில் அதில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தனை பெரிய பாலத்திற்கும் இத்தனை சிறிய வண்டிக்கும் விதி ஒன்றே.

அடுத்த தை மாதத்தில் வண்டியைச் சரி செய்ய நாமும் உடன் சென்றோம். அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலைகளுக்கும், 1965-இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளியிட்ட ஆவடிக்கும் இடைப்பட்ட ஊர்களில் இரும்பின் குணமறிந்த பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. வர்ணப் பிரிவில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் நம்மோடு வந்தார். வந்தவர் வர்ண டப்பாவைத் தொடவே இல்லை. “வர்ணம் கடைசி வேலை, தம்பி. முதலில் சுத்தியலைக் கொண்டு வா,” என்றார்.

சட்டத்தின் ஒவ்வொரு சாணிலும் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்ல இரும்பு ‘கணீர்’ என்றது. அரித்த இரும்பு ‘பொத்’ என்றது. ஐயமுள்ள இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தார். கைப்பிடியின் மறுபக்கத்து இணைப்பிலும், பலகைக்கு அடியில் நீர் தேங்கும் மூலையிலும் முனை உள்ளே இறங்கியது. முறிந்தது ஓரிடம், முறியக் காத்திருந்தவை இன்னும் இரண்டு! பலகையைக் கழற்றியிராவிட்டால் அவற்றைக் கண்டிருக்கவே முடியாது. அம்மூன்று இடங்களிலும் பட்டறையில் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்தோம். வெல்டிங் செய்யுமிடத்தைச் சுற்றிப் பழைய வர்ணத்தை முன்னரே அகற்றிவிட வேண்டும். எரியும் வர்ணத்தின் புகை நுரையீரலுக்குக் கேடு.

பின்னர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சோப்பு நீரால் கழுவினோம். சாம்பார், எண்ணெய், கிரீஸ் இவை படிந்த இரும்பில் எந்த வர்ணமும் ஒட்டாது. இதன்பின் வந்தது சுரண்டும் வேலை. இங்கேதான் நாம் சற்று நின்று பேச வேண்டும்.

மூத்த பிள்ளை கம்பி பிரஷால் வேகமாகத் தேய்க்கத் தொடங்கினான். நீல வர்ணத்திற்கு அடியில் பச்சை, அதற்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு என்று பழைய பூச்சுகள் பொடியாக உதிர்ந்தன. சற்றுத் திரும்பிப் பார்த்தால், பேத்தி வண்டிக்கு அடியில் அமர்ந்து, வண்ண வண்ணமான அச்சில்லுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் வர்ணச் சில்லு. வலது கையில் முறுக்கு. பெரியவர் பிரஷைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை முதலில் தூக்கினார்.

காரணம் ஈயம். பழைய நாளைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்கள் பலவற்றில் ஈய உப்புகள் கலந்திருந்தன. இரும்புக்கு முதற்பூச்சாக ‘ரெட் லெட்’ என்னும் ஈயச் செந்தூரத்தையே பூசுவது வழக்கமாயிருந்தது. ஈயப் பொடி மூச்சிலும் உணவிலும் உடலுள் புகும். பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் உடல் அதை அதிகமாக ஈர்த்துக் கொள்கிறது; வளரும் மூளையைப் பாதித்து, கற்கும் திறனைக் குறைக்கிறது. தீங்கு செய்யாத அளவு என்று ஈயத்திற்கு ஓர் அளவு அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கொடுமை என்னவெனில், காய்ச்சலோ தலைவலியோ இன்றியே இது நிகழக் கூடும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாம் பிள்ளையைக் கடிந்துகொள்வோம்!

நம் நாட்டில் 2016-இல் வெளியான மத்திய அரசு விதிகள், 2017 நவம்பர் முதல், வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கு என்ற அளவிற்கு மேல் சேர்த்துத் தயாரிப்பதைத் தடை செய்தன. நன்று. ஆனால் அதற்கு முன் பூசப்பட்ட வர்ணம் நம் கதவுகளிலும் வண்டிகளிலும் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலை உபயோக வர்ணங்களுக்கோ அவ்விதி பொருந்தாது. இது ஏழை நாட்டுக் கவலை மட்டுமன்று. பாரிஸ் நகரில் 1889-இல் எழுந்த ஈபெல் கோபுரத்திற்கு ஏறத்தாழ ஏழாண்டுக்கொருமுறை வர்ணம் பூசுவர். பழைய பூச்சுகளைச் சுரண்டும்போது ஈயத்தின் அளவு மிகுதியாகக் காணப்பட்டதால், 2021-இல் அவ்வேலையையே நிறுத்தி வைத்தனர்.

எனவே பழைய வர்ணத்தைச் சுரண்டுமுன் பின்வருவனவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்விடத்தில் இருக்க விடாதீர்கள். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நீர் தெளித்து, நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளால் தேயுங்கள், பொடி பறவாது. நெருப்பு காட்டி வர்ணத்தை உரிக்காதீர்கள். கைக்குட்டை கட்டினால் போதாது. கொரோனா நாட்களில் நாம் அறிந்த ‘என் 95’ வகை முகக்கவசம் அணியுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, உதிர்ந்தவற்றைத் திரட்டி உறையில் கட்டி, இன்னதெனச் சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியே ஒப்படையுங்கள். துளசி மாடத்து மண்ணிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். அன்று உடுத்திய துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

நாம் முதலில் 80-ஆம் எண் உப்புத்தாளும், பின்னர் 120-ஆம் எண் தாளும் கொண்டு, நல்ல இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்தோம். அதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் ஆயின. இளையவனுக்குப் பொறுமை போயிற்று. “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றான். “மழை பார்க்கும்,” என்றார் பெரியவர்.

நனைத்துத் தேய்த்த இரும்பில் சில மணி நேரத்திலேயே புதுத் துரு மஞ்சளாகப் படரும். ஆகவே தேய்த்து முடித்தவுடன் துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, அன்றே முதற்பூச்சு இட்டுவிட வேண்டும். ‘ரெட் ஆக்சைடு’ பிரைமர் எல்லா வர்ணக் கடைகளிலும் கிடைக்கும். பெயர் ‘ரெட் லெட்’ போல ஒலித்தாலும் இது வேறு. இதன் சிவப்பு இரும்பு ஆக்சைடின் சிவப்பு. டப்பாவின் மேல் ‘ஈயம் சேர்க்கப்படவில்லை’ என்ற குறிப்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஓரங்கள், மூலைகள், வெல்டிங் தழும்புகள் ஆகியவற்றிற்குச் சிறு பிரஷால் முதலில் பூசி, அதன்பின் முழுச் சட்டத்திற்கும் பூசுங்கள்; துரு முதலில் நுழைவது அவ்வழியேதான்.

மறுநாள் 320-ஆம் எண் தாளால் மென்மையாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, எனாமல் வர்ணத்தை மெல்லிய பூச்சாக இரண்டு முறை, ஓர் இரவு இடைவெளி விட்டுப் பூசினோம். கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே மேல். கனமான பூச்சு மேலே உலர்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், வழிந்து தழும்பாகும். இளக்குவதற்குக் கடையில் விற்கும் டர்ப்பன்டைன் சிறிதளவு போதும். பெட்ரோல் கலப்பது ஆபத்து. இத்தகைய வண்டிக்குப் பிரைமர் அரை லிட்டரும் வர்ணம் அரை லிட்டரும் தாராளம். சக்கரத்தின் அச்சிலும் குண்டுகளிலும் வர்ணம் படாதபடி துணி சுற்றுங்கள்; அங்கே கிரீஸுக்கே இடம். உணவு படும் தட்டிலும் பாத்திரம் வைக்கும் தகட்டிலும் பூசவே கூடாது. வர்ணம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை தாமே சூடேறித் தீப்பற்றக் கூடும். நீரில் நனைத்து விரித்து உலர்த்தியபின் அப்புறப்படுத்துங்கள். அருகில் அடுப்பு எரியலாகாது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதிக்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. பனி உலர்ந்தபின் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் வர்ணத்தை உலர விடாது. கத்திரி வெயிலில் இரும்பு கொதித்து, பிரஷின் கோடுகள் அப்படியே நின்றுவிடும். பூசியபின் கைக்கு ஒட்டவில்லை என்பதற்காக அன்றே பாரம் ஏற்றாதீர்கள். வர்ணம் இறுக ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஒரு வாரம் அவ்வம்மாளுக்கு வருமானமில்லாத வாரம். தெருவில் நான்கு குடும்பங்கள் தத்தம் வீட்டிற்கு வேண்டிய இட்லி மாவை அவரிடமே அரைத்து வாங்கிக்கொண்டன. யாரும் தருமம் செய்ததாக எண்ணவில்லை. அவரும் பெற்றதாக எண்ணவில்லை.

கடைசியாக, பின்புறத்தில் சிவப்பும் முன்புறத்தில் வெள்ளையுமாக ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டினோம். விடியுமுன் திருவள்ளூர் நெடுஞ்சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ வண்டி தள்ளுவோருக்கு எந்த வர்ணத்தைக் காட்டிலும் அச்சிறு பட்டையே உயிர்க்காப்பு.

2025-ஆம் ஆண்டின் மழைக்காலத்தை அந்த வண்டி கடந்துவிட்டது. சென்ற வாரம் அங்கே இட்லி உண்ணச் சென்றிருந்தோம். கைப்பிடியருகே பாத்திரம் உரசிய இடத்தில், கட்டைவிரல் அளவு புதுத் துரு தெரிந்தது. நாம் சொல்லுமுன் இளையவனே சொன்னான்: “பார்த்துவிட்டேன் ஐயா. வரும் ஞாயிறு தேய்த்து விடுகிறேன்.” சில்லறையைப் பெற்றுக்கொண்டே அம்மாள் சிரித்தார். பேத்தி எங்கே என்று கேட்டோம். “அவளை அன்றைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்,” என்றார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு கதவோ கம்பியோ வண்டியோ வர்ணத்திற்குக் காத்திருக்கக் கூடும். டப்பாவைத் திறக்குமுன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சுரண்டுமுன் குழந்தைகள் எங்கே என்று பாருங்கள். இவ்விரண்டையும் செய்தபின் பூசும் வர்ணமே நிலைக்கும்.