வயதா, தகுதியா?

வாடகைக்கு விடும் மோட்டார் வண்டி எத்தனை வருஷம் ஓடலாம் என்ற கேள்வி இங்கிலாந்திலுள்ள ஸ்தல கவுன்ஸில்களில் பல காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும். ஆனால் ஒரு தொழிலாளியின் பிழைப்பும், பிரயாணிகளின் க்ஷேமமும், நகரத்து ஜனங்கள் சுவாசிக்கும் காற்றும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஸ்தல சுயாட்சியின் அதிகாரம் எதுவரையில் செல்லலாம் என்ற பெரிய பிரச்னையும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகையால் இதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகும்.

அந்நாட்டில் வாடகை வண்டிகள் இருவகைப்படும். தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளக்கூடிய டாக்ஸி ஒன்று. முன்கூட்டிச் சொல்லி வரவழைக்கும் தனி வாடகை வண்டி மற்றொன்று. லண்டனுக்கு வெளியே, முதல் வகைக்குக் குதிரை வண்டிக் காலத்தில் 1847-ல் இயற்றிய சட்டமும், இரண்டாவது வகைக்கு 1976-ம் வருஷத்துச் சட்டமும் முக்கிய ஆதாரங்களாக இருந்து வந்திருக்கின்றன. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் ஸ்தல கவுன்ஸில்களைச் சேர்ந்தது. 2025-ல் இங்கிலாந்தில் இவ்வித அதிகார ஸ்தாபனங்கள் 260-க்கு மேல் இருந்தன. வண்டியின் வயது விஷயத்தில் ஒவ்வொன்றும் தன் இஷ்டம்போல் ஒரு விதியை வகுத்துக்கொண்டது. ஓர் ஊரில் செல்லும் வண்டி பக்கத்து ஊரில் செல்லாது என்ற விசித்திர நிலைமை இதனால் ஏற்பட்டது.

இந்த விதியின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். வாடகை வண்டியோட்டிகளில் மிகப் பலர் தங்கள் வண்டிக்குத் தாங்களே சொந்தக்காரர்கள். பலர் கடன்பட்டு வண்டி வாங்கியவர்கள். வட இங்கிலாந்து நகரங்களில் இத்தொழிலைச் செய்வோரில் நமது உபகண்டத்திலிருந்து குடியேறியவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் ஏராளம். ஒருவர் தமது வண்டியைக் கண்போல் காப்பாற்றி, காலாகாலத்தில் பழுது பார்த்து, ஒவ்வொரு பரிசோதனையிலும் தேறி வந்திருக்கலாம். பத்து வருஷம்தான் வரம்பு என்று கவுன்ஸில் தீர்மானித்துவிட்டால், பத்து வருஷம் பூர்த்தியாகும் தினத்துக்கு முதல்நாள்வரை யோக்கியமாக இருந்த அவ்வண்டி மறுநாள் காலையில் அயோக்கியமாகிவிடுகிறது. அதே வண்டியில் அவர் தம் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லலாம், சட்டம் தடுக்காது. கூலிக்கு ஓட்டினால்தான் குற்றம்! இதை நியாயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

1976-ம் வருஷத்துச் சட்டத்தின் 48-வது பிரிவு தனி வாடகை வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்குமுன் கவுன்ஸில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுகிறது. வண்டியின் வகையும் அளவும் அமைப்பும் பொருத்தமாக இருக்கவேண்டும். அது டாக்ஸியென்று ஜனங்களை மயக்கக் கூடாது. யந்திரம் தக்க நிலையில் இருக்கவேண்டும். வண்டி அபாயமற்றதாகவும் சௌகரியமாகவும் இருக்கவேண்டும். வயது என்ற பேச்சே அதில் இல்லை. 50-வது பிரிவோ வருஷத்துக்கு மூன்று தடவை வரையில் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்படி உத்தரவிடக் கவுன்ஸிலுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே, பழைய வண்டி பிரயாணிகளுக்கு அபாயம் என்று அஞ்சும் கவுன்ஸிலின் கையில் ஆயுதம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உபயோகிக்காமல் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சோம்பலைத் தவிர வேறில்லை.

கவுன்ஸில்களின் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வாடகை வண்டி சொந்த உபயோகத்திலுள்ள வண்டியைப்போலப் பன்மடங்கு தூரம் ஓடுகிறது. பரிசோதகர் வண்டியைப் பார்ப்பது ஒரு தினத்தில். அது ஓடுவதோ வருஷம் முழுவதும். புதிய வண்டிகளில் மோதலைத் தவிர்க்கும் நூதனக் கருவிகள் இருக்கின்றன, பழையவற்றில் இல்லை. வயது வரம்பு எல்லோருக்கும் எளிதில் விளங்கும். அதிகாரியின் தாட்சண்யத்துக்கும் தயவுக்கும் இடமிராது. இவை மதிக்கத்தக்க வாதங்களே. ஆனால் இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? பரிசோதனையைக் கடுமையாக்கு, அடிக்கடி செய், இன்னின்ன கருவிகள் வேண்டுமென்று வெளிப்படையாக விதி செய் என்பதுதான். வயதைக் கண்டு வண்டியைத் தள்ளு என்பதல்ல. 2023 நவம்பரில் பிரிட்டிஷ் போக்குவரத்து இலாகா வெளியிட்ட யோசனைக் குறிப்பும் இதையே சொல்லிற்று: வயது வரம்பு விதிக்காமல், புகை, பாதுகாப்பு, சக்கர நாற்காலியில் வருவோரின் வசதி ஆகியவற்றுக்கு நேரடியான நிபந்தனைகளை ஏற்படுத்தும்படி அது கவுன்ஸில்களுக்கு ஆலோசனை கூறியது. ஆனால் அது ஆலோசனைதான், கட்டளையல்ல.

காற்றைச் சுத்தப்படுத்தவே வயது வரம்பு என்று சொல்லுகிறவர்களுக்கு லண்டன் நகரமே பதில் அளிக்கிறது. 2019 ஏப்ரலில் அங்கே அதிகப் புகை விடும் வண்டிகளுக்குத் தினம் 12.50 பவுன் கட்டணம் விதிக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன்படி பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்தையும், டீஸல் வண்டி யூரோ 6 தரத்தையும் எட்டியிருந்தால் கட்டணமில்லை. முன்னது 2006 முதல் விற்ற வண்டிகளில் பொதுவாக உள்ளது. பின்னது 2015-க்குப் பின்னரே எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. எனவே 2006-ல் செய்த பெட்ரோல் வண்டி தடையின்றிச் செல்ல, 2013-ல் செய்த டீஸல் வண்டி பெரும்பாலும் தண்டம் கட்டவேண்டியதாயிற்று. ஏழு வயது இளைய வண்டியே அதிக விஷம் கக்குகிறது என்றால், வயதைக் கொண்டு புகையை அளப்பது எப்படிப் பொருந்தும்?

அதே லண்டன், தன் கறுப்பு டாக்ஸிகளுக்கு வயது வரம்பையே கைக்கொண்டது. 2012-ல் 15 வருஷம் என்று ஏற்பட்ட வரம்பு படிப்படியாகக் குறைந்து 2022-ல் 12 வருஷமாயிற்று. 2018 ஜனவரி முதல் புதிதாக வரும் டாக்ஸிகள் புகையின்றியும் ஓடக்கூடியவையாக இருக்கவேண்டுமென்ற விதியும் சேர்ந்தது. இவற்றால் மின்சார டாக்ஸிகள் பெருகின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவ்வண்டியின் விலை ஆரம்பத்திலேயே 55,000 பவுனுக்கு மேற்பட்டது. புது வண்டி வாங்குவோருக்கு 7,500 பவுன் வரையிலும், பழைய வண்டியின் லைசென்ஸை ஒப்புக்கொடுப்போருக்கு 10,000 பவுன் வரையிலும் உதவி கிடைக்க அந்நாளில் ஏற்பாடு இருந்தது. லண்டன் அளித்த அவகாசத்தையும் உதவியையும் அளிக்கச் சக்தியற்ற சிறு கவுன்ஸில்கள், அதன் வரம்பை மட்டும் காப்பியடிப்பது நியாயமல்ல.

இவ்வளவும் போக, ஓர் ஊரின் வயது வரம்பு அவ்வூரின் தெருக்களையாவது காப்பாற்றுகிறதா என்றால், அதுவும் இல்லை. தனி வாடகை வண்டி, ஓட்டுபவர், அதை அனுப்பும் கம்பெனி ஆகிய மூன்றுக்கும் லைசென்ஸ் ஒரே கவுன்ஸிலிடம் பெற்றிருந்தால் போதும். பிறகு அவ்வண்டி இங்கிலாந்தில் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். 2015-ல் நிறைவேறிய சட்டமொன்று, ஓர் ஊர்க் கம்பெனி தனக்கு வந்த வேலையை வேறு ஊர்க் கம்பெனிக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி செய்தது. இதன் பலனாக, செலவு குறைந்ததும் தாமதமற்றதுமான கவுன்ஸிலைத் தேடி ஓட்டிகள் செல்லலாயினர். வுல்வர்ஹாம்ப்டன் கவுன்ஸிலின் லைசென்ஸ் தாங்கிய வண்டிகள் மான்செஸ்டர் முதலிய தூர நகரங்களிலும் சகஜமாகக் காணப்பட்டன. ஒரு கவுன்ஸில் நிராகரித்த வண்டி மற்றொரு கவுன்ஸிலின் முத்திரையோடு அதே தெருவில் வந்து நின்றால், அந்த விதியால் ஆன பயன் என்ன? வயலின் ஒரு பக்கத்தில் மட்டும் வேலி கட்டிவிட்டு மாடு மேயாது என்று நம்புவது போன்றதே இது.

இதே ஓட்டை இதைவிடப் பயங்கரமான விஷயத்திலும் வெளிப்பட்டது. சிறு பெண்களைக் கும்பலாகச் சேர்ந்து சீரழித்த கொடுமைகளைப் பற்றி லூயிஸ் கேஸி சீமாட்டி 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, வெளியூர் லைசென்ஸுடன் வண்டி ஓட்டும் வழக்கத்துக்கு உடனே முடிவுகட்ட வேண்டுமென்று கூறியது. சர்க்காரும் அதை ஏற்றுக்கொண்டனர். அங்கே கேள்வி வண்டியைப் பற்றியதல்ல, ஓட்டுபவரின் நடத்தையைப் பற்றியது. எனினும் இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே: அதிகாரம் ஓர் ஊரில், வண்டி ஓடுவது வேறோர் ஊரில்.

நமது நாட்டில் இவ்வதிகாரம் நகரசபைகளிடம் இல்லையென்றாலும், வயதா தகுதியா என்ற கேள்வி இங்கும் எழுந்திருக்கிறது. பம்பாயில் டாக்ஸிகளுக்கு 20 வருஷ வரம்பு இருந்ததால், 2003 அக்டோபரில் கடைசியாகப் பதிவான பிரீமியர் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபருடன் விடைபெற்றது. டில்லியில் எல்லா வண்டிகளுக்குமே டீஸலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்ற விதியைச் சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் உறுதிப்படுத்தியது. வயது கடந்த வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றக் கூடாதென்று 2025 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த உத்தரவு, பொதுஜன எதிர்ப்பினால் சில தினங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வருஷம் டிஸம்பரில் அதே கோர்ட்டு, பி.எஸ். 4 புகைத் தரத்துக்குக் குறையாத வண்டிகளின் மீது வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை கூடாதென்று கூறியது. வயதிலிருந்து தரத்தை நோக்கி அடியெடுத்து வைத்த முடிவு அது.

ஸ்தல சுயாட்சியைக் குறைக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. ஊரின் தேவையை ஊரார் அறிவது போல் தலைநகரத்து அதிகாரி அறிய முடியாது. ஆனால் நாடு முழுவதும் ஓடும் வண்டிக்கு நாடு முழுவதற்குமான கீழ்வரம்பு ஒன்று இருந்தே தீரவேண்டும். புகை இவ்வளவுதான் இருக்கலாம், இன்னின்ன பாதுகாப்புக் கருவிகள் வேண்டும், வயது ஏற ஏற இத்தனை தடவை பரிசோதனை என்று பார்லிமெண்டு விதிக்கட்டும். அதற்கு மேலே கடுமையான நிபந்தனைகளை வைக்கக் கவுன்ஸிலுக்குச் சுதந்திரம் இருக்கட்டும்; அந்நிபந்தனை தன் ஊரில் தொழில் செய்யும் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்படி அதிகாரமும் இருக்கட்டும். பரிசோதனையில் தவறிய வண்டி இரண்டு வயதானாலும் தெருவை விட்டு விலகட்டும். தேறிய வண்டி பன்னிரண்டு வயதானாலும் ஓடட்டும். பரிசோதகரின் கையிலுள்ள கருவி சொல்லும் உண்மையை விட்டுவிட்டுப் பதிவுச் சீட்டிலுள்ள தேதியை நம்பும் நிர்வாகத்தால் பிரயாணிக்கும் பாதுகாப்பில்லை, ஓட்டுபவருக்கும் நீதியில்லை. கவுன்ஸில்களும் சர்க்காரும் இதை உணர்ந்து நடப்பார்களாக.