நிலமுடையார் சொல்லும் நகரத்தின் வரைபடமும்

சென்னை மாநகரம் தெற்கு நோக்கி நீண்டு வருவதைக் கண்ணுடையார் யாவரும் காண்பர். தாம்பரத்தைக் கடந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று இருப்புப்பாதை வழியே செல்லும் ஒருவன், நகரம் எங்கே முடிந்தது, நாட்டுப்புறம் எங்கே தொடங்கிற்று என்று கூறவியலாது திகைப்பான். 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த பெருநகரப் பகுதி 2022 ஆம் ஆண்டில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த ஊர்கள் பல, ஓர் அரசாணையால் பெருநகரின் எல்லைக்குள் வந்து சேர்ந்தன. 2008 இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் பெருந்திட்டம் 2026 ஆம் ஆண்டையே தன் எல்லையாகக் கொண்டது. அதற்குப்பின் வீடுகள் எங்கே எழும்புதல் வேண்டும், சாலைகள் எவ்வழி ஓடுதல் வேண்டும் என்று வகுக்குங்கால், அந்நிலங்களை உடையாரின் கருத்து எப்பொழுது கேட்கப்படுகின்றது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

கேட்கப்படுவதில்லை என்று எவரும் சொல்லார். வரைவுத் திட்டம் வெளியிடப்படுகின்றது, ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வரவேற்கப்படுகின்றன, காலவரையறையும் குறிக்கப்படுகின்றது. ஆயினும் வரைபடத்தில் கோடு கிழித்தபின் கேட்பதும், கிழிக்குமுன் கேட்பதும் ஒன்றாகா. கோடு தன் கிணற்றின்மேல் செல்கின்றது என்று அறிந்த உழவன் ஆட்சேபணை அன்றி வேறென்ன எழுதுவான்? அக்கோடு தன் கரம்பின்மேல் செல்லாமற் போயிற்றே என்று வருந்தும் அயலான் ஆலோசனை எழுதுவான். இவ்விரண்டையும் கூட்டிக் கழித்து, இதுவே நிலமுடையாரின் கருத்தென்று ஏட்டில் பதிவதால் யாது பயன்?

விலையைப்பற்றிய சட்டம் ஒருவாறு திருந்தியுள்ளது. 1894 ஆம் ஆண்டின் பழைய நிலமெடுப்புச் சட்டம் நீங்கி, 2013 இல் இயற்றப்பட்ட சட்டம் 2014 ஆம் ஆண்டின் முதல்நாள் தொட்டு நடைமுறைக்கு வந்தது. சந்தை மதிப்புக்கு மேல் அதற்கு நிகரான ஆறுதற்றொகை தரப்படல் வேண்டும் என்பதும், எடுக்குமுன் அவ்வூர் வாழ்க்கைக்கு நேரும் விளைவை ஆராய்தல் வேண்டும் என்பதும் அதன் சிறப்புக்கள். நம் மாநிலமோ, நெடுஞ்சாலைகளுக்கும் தொழில் நோக்கங்களுக்கும் நிலமெடுக்கும் தன் சட்டங்களுக்கு இவ்வாராய்ச்சியினின்று விலக்குப் பெற்றது. 2019 இல் உயர்நீதிமன்றம் அவ்விலக்கு செல்லாதென்றது. அவ்வாண்டே சட்டமன்றம் அச்சட்டங்களை மீண்டும் உயிர்ப்பித்தது. 2021 இல் உச்சநீதிமன்றம் அதனை நிலைநிறுத்திற்று. ஆகவே, சாலைக்கென நிலம் தருவோன் கைக்குப் பணம் வருதல் கூடும். அவன் வாய்க்குச் சொல் வருவது அரிது. பணம் மிகுந்தால் சொல் எதற்கு என்பாரும் உளர். அவர் நிலமில்லாதவராயிருத்தல் வேண்டும்.

இனி, நிலமுடையார் சொல்வன யாவும் பொதுநலத்துக்கு இயைந்தவை என்று யாம் கூறவில்லை. செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஒவ்வோர் ஏரிக்கும் வரத்துக்கால், மதகு, கலங்கல், ஆயக்கட்டு என்று உறுப்புக்கள் உண்டு. ஆயக்கட்டு நிலத்தின் சொந்தக்காரர், நன்செய் என்று குறிக்கப்பட்ட தம் வயலைக் குடியிருப்பு வகையாக மாற்றித் தருக என்று மனுச் செய்கின்றனர். விளைச்சலில் மிச்சமில்லை, பிள்ளைகள் உழ வருவதில்லை என்று அவர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. மனு ஏற்கப்படுகின்றது, வயல் மனையாகின்றது. அதன்பின் ஏரிநீரை வேண்டுவார் இல்லை. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கால்வாய் தூர்ந்து சந்தாகின்றது. கலங்கல் வழிந்த நீர் முன்சென்ற வழியே செல்ல முயல்கின்றது. அவ்வழியிலோ வீடுகள் நிற்கின்றன. 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியேறி நின்று படகுக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. இப்பிழை இன்று நேற்றையதுமன்று. 1920 ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த தியாகராய நகரே மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுந்ததன்றோ?

எனினும், எவ்வாய்க்கால் எம்மழைக்குப் பெருகும், எப்பள்ளத்தில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்பதை அறிந்தவரும் அந்நிலமுடையாரே. விலை கேட்கும் கூட்டத்தில் அவர் விலையையே பேசுவர். நீர் கேட்கும் கூட்டம் ஒன்று முன்னமே கூட்டப்படின், நீரையும் பேசுவர். யாம் சென்றிருந்த ஊர்க்கூட்டம் ஒன்றில், முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பணத்தைப் பிற்பாடு பேசலாம். கலங்கல் தண்ணி உங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று வினவினார். மேடையிலிருந்தோர் வரைபடத்தைப் புரட்டினர். அதில் கலங்கலே குறிக்கப்படவில்லை.

போக்குவரத்தைப்பற்றி ஒரு சொல். 1931 ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரினின்று தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937 இல். வழி முன்னும் குடி பின்னுமாக வந்த முறை அது. அண்மைக்காலத்திலோ முறை மாறிற்று. கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் திறக்கப்பட்டபொழுது, அருகிலேயே இருப்புப்பாதை சென்றும், வண்டி நின்று மக்கள் இறங்க அங்கே நிலையம் இருந்ததில்லை. மூட்டை சுமந்து நெடுஞ்சாலையைக் கடந்தோரில் நம் விடுதி மாணவரும் இருந்தனர்.

கேட்டுச் செய்தற்கு வழியுண்டோ எனின், உண்டு. 1915 ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் வேரூன்றிய முறை ஒன்று குஜராத்தில் இன்றளவும் வழங்குகின்றது. ஒரு வட்டாரத்தின் வயல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்குரிய பங்கை நீக்கி, எஞ்சியதைச் செவ்விய மனைகளாக்கி, முன்னிருந்த உடையாருக்கே திருப்பித் தருவது அம்முறை. நிலம் சுருங்கும், மதிப்பு உயரும், ஊரைவிட்டுப் போதல் வேண்டா. உடையாரைக் கூட்டிப் பேசுதல் அதன் சட்டப்படியான ஒரு படி. ஆமதாபாத்தைச் சுற்றிய 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்குரிய நிலத்தில் பெரும்பகுதி இவ்வாறே கிடைத்தது. 2018 இல் நம் மாநிலச் சட்டத்திலும் இம்முறைக்கு இடம் செய்யப்பட்டுள்ளது. இதிலும் குறையில்லாமலில்லை. அரைக்காணி உடையவனுக்குத் திரும்பி வருவது வீட்டுமனை அளவே. குத்தகைக்கு உழுதவனுக்கும் களையெடுத்த கூலிப்பெண்ணுக்கும் அதுவுமில்லை. பட்டாவில் பெயருடையாரே நிலமுடையார் என்று கொள்ளின், ஊரில் பாதிப்பேர் ஊமையராவர். அன்னோரையும் அக்கூட்டத்துக்கு அழைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

மிஷன் கல்லூரிகளும் நிலமுடையாரே என்பதை நாம் மறத்தலாகாது. முன்னோர் விலைகொடுத்தும் கொடையாகவும் பெற்ற பரந்த வெளிகள் நமக்கு உள. நம் வேலிக்கு வெளியே சாலை வருங்கால், அது நம் மரங்களைத் தொடாதிருக்க மனுச் செய்கின்றோம்; அண்டையூரானின் மாந்தோப்பைத் தொடின் வாளாவிருக்கின்றோம்.

1915 இல் சென்னை மாகாணத்து நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்த பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், திட்டம் வகுக்குமுன் அவ்விடத்தை நேரிற்கண்டு ஆராய்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆண்டுதோறும் நம் மாணவர் நாட்டு நலப்பணி முகாமென்று ஏழு நாள் சிற்றூர்களில் தங்குகின்றனர். சுவருக்கு வெள்ளையடிப்பதோடு, கிராம வரைபடமும் அ-பதிவேடும் கைக்கொண்டு, ஊர்ப் பெரியவர், குத்தகைதாரர், பெண்டிர் ஆகியோருடன் வரப்பில் நடந்து, வரத்துக்கால், கலங்கல், வண்டிப்பாதை, இடுகாட்டு வழி ஆகியவற்றை அவ்வரைபடத்தில் குறித்து வருவார்களாயின், அவ்வூராரின் கையொப்பத்துடன் அதனைத் திட்ட அலுவலகத்தில் சேர்ப்பித்தல் கூடும். வரும் முகாமுக்கு ஏரியுள்ள ஊர் ஒன்றையே தெரிந்தெடுக்குமாறு பொறுப்பாசிரியர்களை வேண்டிக்கொள்கின்றோம்.