வாடகைக்குக் கடல், தவணைக்குக் கார்

மும்பையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் செம்பூரில் சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கியவன் நான். ஆகையால் ‘வாடகை’, ‘சொந்தம்’ என்ற இரண்டு சொற்களைப் பற்றியும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வாடகை என்பது கரையும் பணம்; சொந்தம் என்பது நிற்கும் பணம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்த்தேன். 2024 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கிவிட்டு வந்த பிறகு, அந்தக் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மகன் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில். போய் இறங்கிய மறுநாளே கராஜ் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே கருநீல நிறத்தில், நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக ஒரு கார் நின்றது. டாட்ஜ் சேலஞ்சர். 5.7 லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர். சாவியைத் திருப்பினான்; பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “எப்படிப்பா இருக்கு?” என்றான். “தவணை எத்தனை மாசம்?” என்று கேட்டேன். அப்பன்மார் கேட்கிற கேள்வி அதுதானே! “எண்பத்து நாலு” என்றான், குரலைத் தாழ்த்தி. ஏழு வருடம்.

மருமகளுக்கு வேறொரு ஆசை. டிசம்பர் விடுமுறையில், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து, கரீபியன் கடலில் ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போய்வர வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தாள். கணக்குப் பார்த்ததில் அவர்கள் பங்குக்கு ஆகும் செலவு, காரின் ஒரு வருடத் தவணைக்குச் சமமாக வந்தது. “ஒரு வாரத்துக்கு இவ்வளவா? கார்னா கையில நிக்கும்” என்பது மகனின் கட்சி. “மாமா, நீங்களே சொல்லுங்க” என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. ‘ரெண்டும் தெண்டச் செலவு’ என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறு மாதம் அந்த வீட்டில் சாப்பிட வேண்டுமே!

முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன். இதை அங்கே ‘மஸில் கார்’ என்கிறார்கள். மஸில் என்றால் தசைநார். அதாவது, பயில்வான் வண்டி. 1964ஆம் ஆண்டு மாடலாகப் போண்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற ஒன்றை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள சாதாரணக் காருக்குள் பெரிய காரின் 6.4 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். வேறு மாயம் ஒன்றுமில்லை. அந்த அளவுக் காரில் அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. ஆகவே அதைத் தனிக் காராக இல்லாமல், விரும்பியவர் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக 300 டாலருக்குள் விற்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24,000. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலைப் பையன்களும் வாங்கக்கூடிய விலை அது. அந்த வண்டிகளின் உயிர் எஞ்சினில் இல்லை, விலையில்தான் இருந்தது என்பது என் கருத்து.

அந்த ஆட்டம் பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1970இல் காற்று மாசைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. இளைஞர்களின் வேக வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. பழைய சேலஞ்சர் 1974இல் விடைபெற்றது.

முப்பது ஆண்டு கழித்துப் பழைய முகங்கள் திரும்பி வந்தன. 2005ஆம் ஆண்டு மாடல் மஸ்டாங், அறுபதுகளின் முகச்சாயலை எடுத்துக்கொண்டது. 2008இல் சேலஞ்சர், 2009இல் கமாரோ. வாலிபத்தில் இவற்றைப் பார்த்து ஏங்கியவர்கள் அதற்குள் தலை நரைத்துக் கையில் காசோடு இருந்தார்கள். அவர்களுடைய ஏக்கம்தான் இந்த மறுபிறப்பின் மூலதனம்.

புதிய வண்டி பழையதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழையவை நேர்சாலையில் பறக்கும்; வளைவில் தடுமாறும்; பலவற்றில் டிரம் பிரேக்தான். புதியதில் நல்ல பிரேக், காற்றுப்பை, வழுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும் கருவி எல்லாம் உண்டு. ஆனால் விலை? சேலஞ்சர் வரிசையின் கடைசி வண்டியான ‘டீமன் 170’ 2023இல் 96,666 டாலருக்கு வந்தது. 1,025 குதிரைத்திறன். ஏழைப் பையனின் வண்டி பணக்காரப் பெரியவரின் பொம்மையாகிவிட்டது. உருவத்தை உயிர்ப்பித்தவர்கள் உயிரை உயிர்ப்பிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் தொழிற்சாலையில் கடைசிச் சேலஞ்சர் வெளிவந்ததோடு அதுவும் முடிந்தது. அதற்குப் பின் வந்த மின்சாரச் சார்ஜரில் எஞ்சினே இல்லை. ஆனாலும் பழைய உறுமல் வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்துச் சத்தம் எழுப்புகிறார்கள்! சிங்கம் போன பிறகு கர்ஜனையை மட்டும் வைத்திருப்பது போல.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்டின் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். 1995இல் தொடங்கிய விழா. மகன் எங்களை அழைத்துப்போய் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தான். நம் ஊரில் தேர் பார்க்கிற கூட்டம்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், என் வயதிருக்கும், பழைய ஜி.டி.ஓ. ஒன்றின் அருகே உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வருடச் சம்பளத்தில் வாங்கிய கார், இன்னும் கைவிடவில்லை. “பழைய கார்களில் உங்களுக்கு அவ்வளவு பிரியமா?” என்று கேட்டேன். “இது பழைய கார் இல்லை, என் கார்” என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தைத்தது. 1988இல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நானும் ஒரு பிரிமியர் பத்மினி வாங்கினேன். குர்லாவில் செய்த வண்டி. மகன் பள்ளிக்குப் போனது, மாட்டுங்காவுக்குக் கோயிலுக்குப் போனது, மழைத் தண்ணீரில் நின்றுபோய்த் தள்ளியது எல்லாம் அதில்தான். 2009இல் அவன் மேற்படிப்புக்குப் புறப்பட்டபோது பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். வந்த பணம் விமான டிக்கெட்டில் கால்வாசிக்குக்கூடக் காணவில்லை.

திரும்பும் வழியில் மகன் சொன்னான்: “அப்பா, நீங்க பத்மினியை வித்த அன்னிக்கு நான் மாடியில போய் அழுதேன். உங்களுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எந்தக் காரும் எனக்கு வெறும் காராத்தான் இருந்தது. இதைப் பாத்ததும்தான் ஏதோ தோணிச்சு.”

எனக்குப் பதில் வரவில்லை. நான் ஏதோ ஆடம்பரம் என்று நினைத்தது, அவனுக்கு ஒரு குறையை நிரப்புகிற முயற்சி. ஆனால் அன்பர்களே, குர்லாவில் தொலைத்ததை டெட்ராய்டில் தேடினால் கிடைக்குமா? அந்தச் சேலஞ்சரில் இருப்பது வேறொருவரின் வாலிபம். வுட்வர்ட் சாலைப் பெரியவருக்கு அது நினைவு. என் மகனுக்கு அது கடன்.

நவம்பர் வந்தது, பனி கொட்டியது. பின்சக்கர இழுவை வண்டி பனியில் வழுக்கும். சாலையில் தூவும் உப்பு இரும்பை அரிக்கும். ஆகவே பேட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டி, போர்வை போர்த்தி, ஏப்ரல் வரை தூங்க வைத்துவிட்டான். வண்டி தூங்கியது. தவணை தூங்கவில்லை, இன்ஷூரன்ஸும் தூங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் படகுப் பயணம். எங்களையும் அழைத்தார்கள். எலிஃபெண்டா குகைக்குப் போகும் லாஞ்சிலேயே என் மனைவிக்குத் தலை சுற்றும். எனவே நாங்கள் வீட்டுக்குக் காவல் இருந்தோம். அவர்கள் போனது பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்கு. அங்கே இந்தப் படகு வாடகைத் தொழில் 1960களின் கடைசியில் வளரத் தொடங்கியது. காரணம் நிலவமைப்பு. தீவுகள் இரு வரிசையாக நிற்க, நடுவே ஒதுக்குப்புறமான கால்வாய்போல் கடல். ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு தெரியும். கிழக்கிலிருந்து காற்று ஒழுங்காக வீசும். படகோட்டத் தெரிந்தவர்களுக்குப் படகை மட்டும் தருவார்கள். தெரியாதவர்கள் கூலி கொடுத்து ஒரு மாலுமியை வைத்துக்கொள்ளலாம். இவர்கள் மாலுமியோடு போனார்கள்.

அவர்கள் எடுத்தது இரண்டு உடல்கள் சேர்ந்த ‘கட்டமரான்’ படகு. சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது, பொருள் வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அது சமையலறையும் நான்கு படுக்கையறையும் கொண்ட மிதக்கும் வீடு. பெயர் பழையது, சரக்கு புதிது என்பது கார்களுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல!

திரும்பி வந்த பேரன் பேத்திகளிடம் கதை கேட்டேன். படகில் இருக்கிற தண்ணீர்தான் தண்ணீர். தொட்டி தீர்ந்தால் நிரப்பத் துறைமுகம் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடக் குளியல். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவிக் கடைசியில் ஒரு தம்ளர் நல்ல தண்ணீர். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வந்த வாடகை வீட்டில் என் மனைவி முப்பத்தெட்டு வருடம் நடத்திய குடித்தனம் இதுதானே! அதைச் சொன்னபோது பேத்தி நம்பவில்லை. பிறகு பாட்டியிடம் போய், “தினமுமா?” என்று கேட்டாள். அன்று இரவு பாட்டியும் பேத்தியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேரன் எனக்குக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தான்.

இப்போது என் தீர்ப்பு. ஒரு வருடத் தவணைப் பணம் ஒரு வாரத்தில் கரைந்தது உண்மை. எனக்கு வயிறு எரிந்ததும் உண்மை. ஆனால் ஒப்பந்தம் முடிந்த நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கடன் பின்னால் வரவில்லை. நால்வரும் சேர்ந்து அனுபவித்தார்கள். காரோ ஒருவன் ஓட்ட, மற்றவர்கள் பின் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வர வேண்டியது. கையில் நிற்பது எது, கரைவது எது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கூடப் போன நண்பருக்கு ருசி தட்டிவிட்டது. படகையே வாங்கிக் கம்பெனியிடம் வாடகைக்கு விடச் சொல்லும் திட்டங்கள் உண்டு. மாதம் ஒரு தொகை வரும், வருடத்தில் சில வாரம் நாமே போகலாம். “சேர்ந்து வாங்கலாமா?” என்று மகனைக் கேட்டிருக்கிறார். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அந்தத் தீவுகளில் கட்டியிருந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்த படங்களை நான் தேடி எடுத்து மகனிடம் காட்டினேன். அவன் சிரித்தான். வாங்கவில்லை. சேலஞ்சரை மட்டும் விற்க மனமில்லை. கூடுதலாகக் கட்டிச் சீக்கிரம் கடனை முடிக்கிறேன் என்றான். பத்மினியை விற்ற நான் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

இது அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். 2018இல் ஜாவா மோட்டார் சைக்கிளும் 2022இல் யெஸ்டியும் பழைய பெயரோடு நம் நாட்டிலும் திரும்பி வந்திருக்கின்றன. மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகள் ஓய்ந்துவிட்டன; நாளை அந்தப் பெயரிலும் யாராவது ஒன்றைக் கொண்டுவரலாம். நம் பிள்ளைகள் வாங்குவார்கள். வாங்கட்டும், நல்ல வண்டி என்றால் வண்டிக்காக வாங்கட்டும். ஞாபகத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஒரு வாரத்து ஆசையை வாடகைக்கு எடுங்கள். கூடவே கிழடாகப் போகிற பொருளை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு பழைய பொருளை விற்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு முறை கேட்டுவிடுங்கள். எடைக்குப் போடும் இரும்பில் அவர்களுடைய பங்கு என்னவென்று நமக்குத் தெரியாது. நான் கேட்காததற்கு எண்பத்து நாலு மாதத் தவணை ஆகிக்கொண்டிருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். என் மகனும் இந்த இதழைப் படிப்பான், அவனும் எழுதட்டும்.