ஓடையோரக் கூடாரங்களுக்கு ஒரு கோடு வேண்டும்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு அந்தச் செய்தி போகும். பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். லஸ்கர் எனப்படும் அணைப் பணியாளர் நடுராத்திரியில் டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்துச் சொல்லும் எண்ணுக்காகத் தொலைபேசி அருகில் காத்திருந்திருக்கிறேன். அணைக்குக் கீழே தூங்குகிறவருக்கு மூன்று எச்சரிக்கை தருகிறோம். அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் மலையோடைகளின் கரையில் டென்ட் அடித்துத் தூங்குகிறவருக்கு என்ன தருகிறோம்? மாவட்டம் முழுமைக்கும் பொதுவான மழை அறிவிப்பு ஒன்றுதான்.

இன்று அப்படித் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். போடி மலையடிவாரம், மேகமலைப் பக்கம், கொடைக்கானலின் கீழ்மலைக் கிராமங்கள், வால்பாறை, கொல்லிமலை என்று எங்கே போனாலும் தோட்டத்து மூலையில் நாலு டென்ட் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வேனில் வந்திறங்கும் இளைஞர்கள், தீ மூட்டி, பாட்டுப் பாடி, ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுகிறார்கள். ‘ஓடையோரம்’ என்று சொன்னால் அந்த டென்டுக்கு வாடகை கூடுதல். அந்த ஓடை எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று வாடகை வாங்குகிறவரும் சொல்வதில்லை, கொடுக்கிறவரும் கேட்பதில்லை.

இளைஞர்கள் மலைக்குப் போவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காட்டோடைக் கரையில் ஓர் இரவு தூங்கி எழுவது மனிதருக்கு நல்லது. அந்த வாய்ப்பு எஸ்டேட் பங்களா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் அந்த இரவைப் பாதுகாப்பானதாக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்கிறேன்.

பொதுக் காட்டில் ஒரு முகாம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மகள் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, ரூஸ்வெல்ட் தேசிய வனத்தில் மிடில் செயின்ட் வ்ரெயின் என்ற ஓடையின் கரையிலுள்ள முகாமுக்குப் போனோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 8,500 அடி உயரம். பைன் மரங்களும், சிறு காற்றுக்கே இலை படபடக்கும் ஆஸ்பென் மரங்களும் சூழ்ந்த பள்ளத்தாக்கு. ஜூன் மாதம், மேலே பனி உருகிக்கொண்டிருந்தது. பகல் வெயிலில் உருகிய நீர் முகட்டிலிருந்து இறங்கி வர நேரமாகும் என்பதால், காலையில் தெளிந்து ஓடிய ஓடை இருட்டுகிற நேரத்தில் தடித்து, இரைச்சல் கூடி வந்தது.

முகாம் அரசு வனத்துறையுடையது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் போட்ட இடம், ஒரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, ஆழக் குழி வெட்டிய கழிப்பறை. கரடி வரும் என்பதால் சாப்பாட்டுப் பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. கட்டணம் அவ்வூர் ஹோட்டல் வாடகையில் சிறு பங்குதான். பக்கத்து இடத்தில் ஒரு லாரி டிரைவர் தன் பிள்ளைகளோடு தங்கியிருந்தார். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வயதான தம்பதி சாயங்காலம் ஒவ்வோர் இடமாக வந்து, தண்ணீர் ஏறினால் எந்தச் சரிவில் ஏற வேண்டும் என்று கைகாட்டிவிட்டுப் போனார்கள்.

“அம்மாச்சி, தண்ணிக்குப் பக்கத்துலயே டென்ட் போட்டா சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்ல?” என்றான் பேரன். கரையிலிருந்த வில்லோ புதரைக் காட்டினேன். அவன் தோள் உயரத்தில், கிளைகளுக்கு நடுவே காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்தன. “அத யாரும் அங்க சொருகி வைக்கல, தண்ணி கொண்டாந்து வச்சது” என்றேன். அவனே கூடாரப் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். ஒரு சிறுவனுக்கு இது புரிய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

வெள்ளம் விடுமுறையில் வருகிறது

அந்த முகாமுக்குப் போகும் முன் பிக் தாம்சன் பள்ளத்தாக்கு வழியாக வந்தோம். சாலையோரம் ஒரு பலகை அடிக்கடி தென்படுகிறது. வெள்ளம் வந்தால் மலைமேல் ஏறுங்கள் என்பதுதான் அதன் செய்தி. 1976 ஜூலை 31, சனிக்கிழமை மாலை, அந்தப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் நகராமல் நின்ற மேகம் நான்கு மணி நேரத்தில் சுமார் 300 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. கொலராடோ மாநிலம் உருவான நூறாவது ஆண்டு விழாவின் வாரயிறுதி அது. பள்ளத்தாக்கு முழுக்க முகாமிட்டவர்களும் சுற்றுலாப் பயணிகளும் இருந்தார்கள். வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆறு, பள்ளத்தாக்கின் வாசலை எட்டியபோது விநாடிக்கு 31,200 கன அடியாகப் பெருகியிருந்தது. இறந்தவர்கள் 144 பேர். காரில் ஏறி வெள்ளத்தை முந்திவிடப் பார்த்தவர்கள் பலர் மாண்டார்கள். காரை விட்டுவிட்டுச் சரிவில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பலகைகள் அப்படித்தான் வந்தன.

1996 ஆகஸ்ட் 7. ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில் பியெஸ்காஸ் ஊரருகே ஒரு முகாம். மாலை மழையில் அராஸ் என்ற ஓடை, தடுப்பணைகளை உடைத்துக்கொண்டு கல்லும் மண்ணுமாக இறங்கியது. 87 பேர் பலி. ஐரோப்பாவின் கோடை விடுமுறைக் காலம் அது.

2010 ஜூன் 11. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், வொஷிட்டா தேசிய வனத்தின் ஆல்பர்ட் பைக் முகாம். நள்ளிரவுக்குப் பின் சுமார் 3 அடியில் இருந்த ஆறு, விடிவதற்குள் 23 அடியைத் தாண்டியது. 20 பேர் இறந்தார்கள். வானிலைத் துறை அதிகாலை 2 மணியளவில் எச்சரிக்கை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் செல்போனுக்கு சிக்னல் இல்லை. டென்டுக்குள் தூங்கியவர்களிடம் அந்த எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழி இல்லை.

2025 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். டெக்சாஸின் குவாடலூப் ஆறு 45 நிமிடங்களில் 26 அடி ஏறியது. கரையிலிருந்த கோடை முகாம் ஒன்றில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள்.

நான்கு நிகழ்வுகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எல்லாமே கோடை விடுமுறைக் காலத்தில், மாலைக்கும் விடியலுக்கும் இடையில் நடந்தவை. வெயில் ஏறும் காலத்தில்தான் மக்கள் மலைக்குப் போகிறார்கள். அதே வெயில்தான் மலைச்சரிவில் ஈரக்காற்றை மேலே தள்ளி இடிமழையைக் கட்டுகிறது. கூட்டமும் மழையும் ஒரே நாட்காட்டியில் வருகின்றன.

நம் ஊரிலும் அப்படித்தான். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. இரண்டுமே பள்ளி விடுமுறை மாதம், கோடை மழைக் காலம்.

தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியலாம்

மலையோடை சமவெளி ஆற்றைப் போல நடந்துகொள்ளாது. சரிவு அதிகம், மண் ஆழம் குறைவு, அதன் கீழே பாறை. பெய்த மழை ஊறுவதற்குள் வழிந்துவிடும். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்கில் அது 4,000 லாரிக்கும் மேல். அதில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஓடையில் இறங்கினால் போதும். மழை பெய்த முகடு நாம் இருக்கும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நம் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடையோரம் டென்ட் போட மிகவும் வசதியான இடம், கல் இல்லாமல் மணல் பரந்து சமமாக இருக்கும் திட்டு. அந்தத் திட்டை அங்கே போட்டது பழைய வெள்ளம். பியெஸ்காஸ் முகாமும் அப்படி ஓடை கொண்டுவந்து விசிறி போலப் பரப்பிய வண்டல்மேட்டின் மீதுதான் இருந்தது. அது ஆபத்தான இடம் என்று முகாம் திறப்பதற்கு முன்பே ஓர் அரசுப் பொறியாளர் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியதை மீறி உரிமம் கொடுத்தார்கள். முதலில் யாரும் பொறுப்பில்லை என்றார்கள். கடைசியில் 2005-ல் ஸ்பெயின் நீதிமன்றம் மத்திய அரசும் அரகோன் மாகாண அரசும் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய எனக்கு, அந்தப் பெயர் தெரியாத சக பொறியாளரின் அறிக்கையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வரும் தீர்ப்பு 87 பேரில் ஒருவரையும் எழுப்பாது.

என்ன செய்யலாம்?

குரங்கணியை நாம் மறக்கவில்லை. 2018 மார்ச் 11-ல் அந்த மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் வழிகாட்டியோடு செல்லும் 40 தடங்களை வனத்துறை திறந்தது. தீப்பருவத்தில் அந்தத் தடங்கள் மூடப்படுகின்றன. நெருப்புக்கு ஒரு பருவம் உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்டது. தண்ணீருக்கும் ஒரு பருவம் உண்டு என்று ஏற்பதுதான் பாக்கி.

முதலில், ஓடையில் கோடு போட வேண்டும். ‘ஓடையிலிருந்து இத்தனை மீட்டர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஆல்பர்ட் பைக்கில் தண்ணீர் 20 அடி உயர்ந்தது. கரை தட்டையாக இருந்தால் 60 மீட்டர் தள்ளிப் போனாலும் அது காலடிக்கு வரும். உயரத்தைத்தான் அளக்க வேண்டும். மரத்தில் சிக்கிய சருகு, ஓடைப் பக்கம் மட்டும் பட்டை உரிந்த அடிமரம், பாசி படியாத பாறை இவையெல்லாம் பெருவெள்ளம் வந்துபோன தடங்கள். அந்த மலையிலேயே வாழும் பளியர் பெரியவர் ஒருவரும், லெவல் கருவியோடு ஓர் உதவிப் பொறியாளரும் சேர்ந்து நடந்தால் ஓர் ஓடையை ஒரே நாளில் குறித்துவிடலாம். பாறையில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு. அதற்குக் கீழே உட்காரலாம், சமைக்கலாம், கால் நனைக்கலாம். தூங்கக் கூடாது.

அடுத்தது உரிமம். மலையில் வீடு கட்ட அனுமதி கேட்கும் அரசு, வாடகைக்கு விடும் டென்டுக்கும் அனுமதி கேட்க வேண்டும். டென்டுக்கு அஸ்திவாரம் இல்லை என்பதால் அதில் தூங்குகிறவரின் உயிர் மலிவாகிவிடாது. டெக்சாஸ் மாநிலம் அந்தச் சிறுமிகளை இழந்த இரண்டே மாதத்தில், வெள்ளப் பகுதியில் முகாம் அறைகள் இருந்தால் உரிமம் கிடையாது என்று சட்டம் போட்டது. நாம் யாரையும் இழக்காமலே அதைச் செய்யலாம்.

மூன்றாவது காவல். முகாமுக்கு மேலே நீர்ப்பிடிப்பில் ஒரு தானியங்கி மழைமானி, முகாமில் ஒரு சைரன், இரவு விழித்திருக்கச் சம்பளத்துக்கு ஓர் உள்ளூர்க்காரர். செல்போனை நம்பி இதை விட முடியாது. தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, பாறை உருளும் சத்தம், இவற்றை அவர் கவனிக்க வேண்டும். ஓட்டம் காரணமில்லாமல் குறைந்தாலும் எழுப்ப வேண்டும், மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த நாளில் ஓடையோரத்தில் இரவுத் தங்கல் கிடையாது. கும்பக்கரை அருவியில் நீர்வரத்து கூடியதும் வனத்துறை குளிக்கத் தடை போடுவதை நாமெல்லாம் பழகிக்கொண்டோமே, அது போல.

‘இவ்வளவு சிரமம் எதற்கு, டென்டையே தடை செய்துவிடலாமே’ என்று சிலர் சொல்வார்கள். யானை, சிறுத்தை உலவும் மலைகள் இவை என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்தார். யானை வழித்தடத்திலும் புலிகள் காப்பகத்தின் உட்பகுதியிலும் டென்டுக்கு இடமே இருக்கக் கூடாது. ஆனால் மற்ற இடங்களில் போடும் முழுத் தடை டென்டை ஒழிக்காது. கண்ணுக்குத் தெரியாத தோட்டத்துக்குள் தள்ளிவிடும். பதிவேட்டில் பெயர் இல்லாமல், பக்கத்து ஊருக்கே தெரியாமல் தங்குகிறவரை எந்த அதிகாரி எழுப்பப் போவார்? அரசே இடம் பார்த்து, எண் போட்டு, கழிப்பறை கட்டி, குறைந்த கட்டணத்தில் நடத்தும் முகாம்தான் சரியான வழி. கொலராடோவில் நான் பார்த்த லாரி டிரைவரைப் போல, ஒரு தறிப்பட்டறைத் தொழிலாளியும் தன் பிள்ளைகளோடு காட்டில் ஓர் இரவு பயமில்லாமல் தங்க அது ஒன்றுதான் வாசல்.

தேனி மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். வனத்துறை, நீர்வளத்துறை, சுற்றுலாத் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், டென்ட் நிற்கும் ஓடைகளைப் பட்டியலிட்டு அடுத்த கோடை விடுமுறைக்குள் கோடு போட்டு முடித்துவிடலாம். பெரிய செலவு இல்லை. அளவுகோல் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீசிலும் இருக்கிறார்கள்.

அதுவரை மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். முன்பணம் கட்டுவதற்கு முன் டென்ட்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “கடைசியாப் பெஞ்ச பெருமழைக்கு இந்த ஓடைத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” அவர் எழுந்து நடந்து போய் அந்த இடத்தைக் காட்டினால், அதற்கு மேலே டென்ட் போட்டுத் தங்குங்கள். காட்டத் தெரியாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.