சாவியோடு போன வீட்டுக்காரர்

பக்டி என்றால் என்ன என்று மும்பைத் தமிழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த காசைக் கொட்டிக் கோலிக்குள் நுழைகிறோம். மாதாமாதம் வாடகையும் தருகிறோம். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கமாட்டார். நாமே ஓடு மாற்றப் போனால் மட்டும், "யாரைக் கேட்டுக் கைவைத்தாய்?" என்று வந்து நிற்பார். இந்தப் பக்டி முறை கணினிப் பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்கிறோம் நாம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கட்டும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, பழைய இயந்திரங்கள் பலவற்றை வாசற்படி ஏறவே விடுவதில்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் இத்தகைய இயந்திரங்கள்தாம் லாமிங்டன் சாலைக் கடைகள் வழியாக நம் பிள்ளைகள் கைக்கு வருகின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பையன் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் வாங்கிச் செருகுகிறான். படம் வரைய, வீடியோ வெட்டி ஒட்ட, ஆட்டம் ஆடவுந்தான், அதிலென்ன குற்றம்? சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை!

உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. "ஓசியில் கிடைத்தது இப்படித்தான் இருக்கும்." கடைக்காரரும் சொல்கிறார், விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த நம்மவரும் சொல்கிறார். இந்தத் தீர்ப்பைத்தான் நாம் மறுக்கிறோம்.

டிரைவர் என்பது அட்டைக்கும் லினக்ஸின் கருவான கெர்னலுக்கும் நடுவே நிற்கும் துபாஷி. அட்டையின் பாஷை இன்னதென்று செய்தவன் சொன்னால் யாரும் துபாஷி ஆகலாம். இன்டெல் சொன்னது. 2006-இல் ஏடிஐ-யை வாங்கிய ஏஎம்டி, 2007-இல் விவரங்களை வெளியிட முன்வந்தது. 2015 முதல் அதன் ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. செருகினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். ஏஎம்டி தருமப்பிரபு அல்ல. அதன் ஃபர்ம்வேர் இன்றும் மூடித்தான் கிடக்கிறது. ஆனாலும் குடியிருப்பவனைக் கூரை மாற்ற விட்டது.

என்விடியா விடவில்லை. தன் மூடிய டிரைவரை வைத்துக்கொள் என்றது. காகிதம் ஏதுமில்லாமல், அட்டை என்ன செய்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே தொண்டர்கள் எழுதிய டிரைவர்தான் நூவோ. அது 2010-இல் கெர்னலில் சேர்ந்தது. 2012-இல் பின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமையிழந்து அந்த நிறுவனத்துக்கு விரலைக் காட்டினார். எந்த விரல் என்று அச்சிட நம் ஏடு கூசுகிறது.

அநியாயத்தின் அடிவேர் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலும், 2016-இல் வந்த 1000 வரிசையிலும் ஒரு பூட்டு போட்டார்கள். நிறுவனம் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அட்டையின் வேகத்தை உயர்த்த முடியாது. வேகத்தை உயர்த்துவதற்கு வேண்டிய ஃபர்ம்வேரை நூவோவுக்குத் தரவும் இல்லை. ஆகவே நூவோவில் அந்த அட்டை, விழித்தெழும்போது இருக்கும் தாழ்ந்த வேகத்திலேயே நொண்டுகிறது. 2022 மே மாதம் கெர்னல் பகுதியைத் திறந்து வெளியிட்டார்கள், உண்மைதான். யாருக்கு? 2018-இல் வந்த டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும். 2025-இல் மற்றோர் அறிவிப்பு: 900, 1000 வரிசைகளுக்கு 580 என்னும் டிரைவர் வரிசையே கடைசி. இதற்கு முன்பும் இப்படித்தான் 2019-இல் 340-ஐயும், 2022-இல் 390-ஐயும், 2024-இல் 470-ஐயும் கைவிட்டார்கள். கெர்னல் வளர்ந்துகொண்டே போகும். கைவிடப்பட்ட மூடிய டிரைவர் ஒருநாள் அதோடு ஒட்டாது. வீட்டுக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டார்!

போலி அட்டைகளைத் தடுக்கவே கையெழுத்துப் பூட்டு என்று வாதாடுவோர் உண்டு. இருக்கட்டும். பூட்டை உடைத்துத் தா என்று நாம் கேட்கவில்லையே. வேகத்தை உயர்த்தும் ஃபர்ம்வேரில் நீயே கையெழுத்திட்டுக் கொடு என்கிறோம். விற்று முடித்த சரக்கு. டிரைவர் எழுதுவதையும் நிறுத்தப்போகிற சரக்கு. அதைப் பூட்டி வைப்பதில் யாருக்கு லாபம்? புது அட்டை விற்பவனுக்கன்றி வேறு யாருக்கு?

இந்தச் சண்டை இன்று நேற்றையது அன்று. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஜெராக்ஸ் அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தகராறு செய்தது. அதன் மூல நிரலைக் கேட்ட ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கைவிரித்தார்கள். 1983-இல் அவர் அறிவித்த குனு இயக்கத்துக்கு அந்த ஆத்திரமும் ஒரு வித்து.

நம் பக்கத்தாரையும் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். லினக்ஸ் தெரிந்த பெரியவர்களே, கறுப்புத் திரையோடு வரும் பிள்ளையிடம் "கையேட்டைப் படித்தாயா?" என்று மட்டும் கேட்டு அனுப்புகிறீர்களே, அந்தக் கையேடு அவன் வீட்டில் புழங்காத மொழியில் அல்லவா இருக்கிறது?

ஆகவே சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கணினி எழும்போது வரும் குரப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்து எஃப் 10-ஐ அழுத்தினால், பல இயந்திரங்களில் மட்டமாகவேனும் திரை வரும். பிறகு டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்தால் வரும் பட்டியலில் அட்டையின் பெயர் இருக்கும். டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். உங்கள் லினக்ஸ் தரும் பொதியையே போடுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியானால், டிரைவர் போட்டபின் முதல் முறை எழும்போது நீலத்திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும். பிள்ளைகள் பயந்து தாண்டிவிடுவது இந்த இடத்தில்தான். தாண்டினால் டிரைவர் ஏறாது. டிரைவர் போடும்போது நீங்களே கொடுத்த கடவுச்சொல்தான் அது. 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதைக் கொடுங்கள்.

900, 1000 வரிசை அட்டை வைத்திருப்போர் 580-ஐ விட்டு நகர வேண்டாம். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு அல்லது டெபியன் பதிப்பிலேயே இருங்கள். இனி வாங்கப் போகிறவர்கள், விலை பேசுமுன், டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டபின் தெரிந்துகொள்வார். பள்ளிகளுக்கு மொத்தமாகக் கணினி வாங்கும் அரசுகளோ ஒரு வரி எழுதினால் போதும்: திறந்த டிரைவர் இல்லாத அட்டைக்கு ஒப்பந்தம் இல்லை. அந்த வரியை எழுதச் சொல்லி மராட்டிய அரசுக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் விண்ணப்பம் அனுப்புவோம். கையெழுத்துத் தாள்கள் சங்கப் படிப்பகத்தில் இருக்கின்றன.